ரசிகர்கள் செய்த உலகம் – 9: பெல்ஃபாஸ்ட்டில் ஒரு மச்சு அறை

சென்ற இதழில் லண்டன் கிரேஸ் இன் சாலையில் நின்றுகொண்டிருந்தோம். கொழும்புக்குக் குடிபோவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால், இளைஞர் ஆர்தர் கிளார்க் தன் நண்பர் வில்லியம் டெம்பிளோடு ஒரே குடித்தனமாக இருந்த வீடு அது. இந்த இதழில் கடல் தாண்ட வேண்டும். அதிக தூரமில்லை, ஐரிஷ் கடல்தான்.

பெல்ஃபாஸ்ட் நகரின் கிழக்கில் அப்பர் நியூட்டனார்ட்ஸ் சாலை என்று ஒன்று. அதிலேயே போனால் வடக்கு அயர்லாந்தின் நாடாளுமன்றக் கட்டடமான ஸ்டார்மாண்ட் வரும். அந்தச் சாலையில் ஒரு வீட்டில் வால்ட் வில்லிஸ் என்று ஒருவர் இருந்தார். 1919இல் பிறந்தவர், அரசு உத்தியோகம், மனைவி மேடலின். பகலெல்லாம் கோப்புப் பார்த்துவிட்டு வருகிற மனிதர், மாலையில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தார். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையல்ல, ஏதாவது கட்சிக்காகச் செய்ததும் அல்ல. அறிவியல் புனைகதை படிக்கிற, முகம் தெரியாத சில நூறு பேருக்காக.

அந்தக் காலத்து நிலைமையைச் சொன்னால்தான் இது ஏன் என்று விளங்கும். யுத்தம் முடிந்துவிட்டாலும் பிரிட்டனில் டாலர் தட்டுப்பாடு முடியவில்லை. அமெரிக்கக் கதைப் பத்திரிகைகளை இறக்குமதி செய்து அந்நியச் செலாவணியைக் கரைக்க அரசுக்கு மனமில்லை. 'அஸ்டவுண்டிங்' என்ற புகழ்பெற்ற பத்திரிகைக்கு பிரிட்டிஷ் மறுபதிப்பு ஒன்று வந்தது. அமெரிக்க மூலத்தில் பாதியைக் கழற்றிவிட்டு, ஒல்லியாக. முழுசாகப் படிக்க வேண்டும் என்றால் பழைய புத்தகக் கடைகளில் தவம் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்காவில் யாராவது சிநேகிதர் இருந்து தபாலில் அனுப்ப வேண்டும். சிநேகிதரைச் சம்பாதிக்க ஒரு வழி உண்டு. நீங்களே ஒரு பத்திரிகை நடத்தி, அதை அவருக்கு அனுப்பினால் அவர் பதிலுக்குத் தன்னிடம் இருப்பதை அனுப்புவார். பண்டமாற்றுதான். இந்த ரசிகர் பத்திரிகைகளுக்கு 'ஃபேன்சீன்' என்ற பெயர் 1940இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது.

1947 வாக்கில் வில்லிஸுக்கு அதே ஊரில் இன்னொரு பைத்தியம் அகப்பட்டார். ஜேம்ஸ் ஒயிட். பத்தொன்பது வயது. டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவர். வீட்டில் வசதி இல்லாததால் பதினைந்து வயதிலேயே தையல் தொழிலுக்குப் போய்விட்டார். கோட்டு சூட்டுக்கு அளவெடுப்பது பிழைப்பு, வேற்றுக்கிரகக் கதை படிப்பது உயிர். ஒயிட் கத்தோலிக்கர், வில்லிஸ் பிராட்டஸ்டண்ட் குடும்பத்தவர். பெல்ஃபாஸ்ட்டில் இது சின்ன விஷயமல்ல. எந்தப் பள்ளியில் படித்தீர்கள், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்வியிலேயே ஆளை எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுகிற ஊர். (நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'உங்களுக்கு எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?' என்று நாமும் கேட்டுப் பழகியவர்கள்தானே.) அப்படிப்பட்ட ஊரில் இந்த இருவருக்கும் நடுவில் மதம் ஒரு பேச்சாகவே வரவில்லை. வந்த பேச்செல்லாம் எந்த மாத 'அஸ்டவுண்டிங்' இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான்.

1948 நவம்பரில் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த ஃபேன்சீனின் பெயர் 'ஸ்லாண்ட்'. சாய்வு என்று பொருள். பொதுவாக ரசிகர் பத்திரிகை என்றால் ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் எடுப்பதுதான் வழக்கம். வில்லிஸிடம் இருந்ததோ கையால் இயக்குகிற ஒரு சின்ன அச்சு இயந்திரம். எழுத்துகளைக் கோர்த்து, மை தடவி, ஒவ்வொரு தாளாக வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு எழுத்துகளைப் பிரித்து அதனதன் குழியில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். படங்களுக்கு பிளாக் செய்யக் காசு ஏது? தரை விரிப்புக்குப் பயன்படுகிற லினோலியத்தைத் துண்டு போட்டு, அதில் ஒயிட் கத்தியால் செதுக்கினார். ராக்கெட்டுகள், விசித்திரப் பிராணிகள் எல்லாம் ஒரு தையற்காரரின் விரல் பக்குவத்தில் லினோவில் இறங்கின.

கல்லூரி நாட்களில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சைக்ளோஸ்டைலில் ஒரு கவிதை இதழ் கொண்டுவந்தோம். மூன்றாவது இதழோடு நின்றது. உருளை சுற்றிச் சுற்றி ஒரு கை வீங்கியதும், மை படிந்த சட்டைக்கு அம்மாவிடம் திட்டு வாங்கியதும்தான் இன்று நினைவில் இருக்கின்றன. கவிதைகளில் ஒரு வரி நினைவில்லை. அதனால் சொல்கிறேன்: கைக்கோர்ப்பில் ஏழு இதழ் கொண்டுவருவது விளையாட்டல்ல. 'ஸ்லாண்ட்' ஏழு இதழ் வந்தது, 1952–53 குளிர்காலம் வரை.

இந்தக் கைவேலை வில்லிஸின் நடைக்கு ஒரு நன்மை செய்தது என்பது என் கட்சி. ஒவ்வொரு எழுத்தையும் விரலால் எடுத்து வைக்கிறவன் வெட்டிச் சொல் எழுத மாட்டான். ஒரு பெயரடையைச் சேர்க்கும் முன் அது எத்தனை ஈயத் துண்டு என்று கணக்குப் பார்ப்பான். பின்னாளில் வில்லிஸ் தட்டச்சுக்கும் ஸ்டென்சிலுக்கும் மாறியபோதும் அந்தச் சிக்கனம் போகவில்லை. நகைச்சுவையை வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் ஒளித்து வைக்கிற கலை அவருக்கு அச்சுக் கட்டையில் வாய்த்தது.

1950இல் மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தார். பாப் ஷா. கட்டுமான நிறுவனங்களுக்கு வரைபடம் போடுகிற இளைஞர். பெரிய உருவம், நிதானமான பேச்சு, ஒரு கல்லை வைத்துக்கூட அரை மணி நேரம் சிரிக்க வைப்பார். காது மந்தமான, வயதில் மூத்த ஜார்ஜ் சார்ட்டர்ஸ் என்பவரும் கூட்டத்தில் உண்டு. பிறகு 1954இல் ஜான் பெர்ரி. இவர் போலீஸ்காரர், கைரேகை ஆராய்பவர்! இவர் இந்தக் கூட்டத்தையே கதாபாத்திரங்களாக்கி, உதவாக்கரைத் துப்பறியும் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்து, அதன் சாகசங்களை எழுதித் தள்ளினார். அரசு அதிகாரி, தையற்காரர், வரைபடக்காரர், போலீஸ்காரர்: இவர்களை ஒரே அறையில் உட்காரவைக்க வேறு எந்தக் காரணமும் அந்த ஊரில் இருந்திருக்காது.

அந்த அறை வில்லிஸ் வீட்டின் கூரைச் சரிவுக்கு அடியில் இருந்த மச்சு. வீட்டுக்கு 'ஓப்லிக் ஹவுஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓப்லிக் என்றாலும் சாய்வுதான், பத்திரிகைப் பெயருக்குப் பொருத்தம். சொல்லிப் பார்த்தால் சார்லஸ் டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலும் காதில் விழும். இந்தக் கூட்டத்துக்குச் சிலேடை என்பது மூச்சு. நம் ஊரில் காளமேகத்தைக் கொண்டாடுகிறவர்கள் அங்கே போயிருந்தால் உடனே பாய் விரித்துக் கொடுத்திருப்பார்கள்.

மச்சில் என்ன நடந்தது? இலக்கிய விவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் 'கூட்மின்டன்' நடந்தது. பூப்பந்தாட்டத்தின் பந்தை வைத்துக்கொண்டு, மட்டைக்குப் பதில் அட்டைத் துண்டால் அடிக்கிற ஆட்டம். விதிகளை ஆடிக்கொண்டே உண்டாக்கினார்கள். சுவரில் பட்டால் என்ன, அலமாரிக்குள் விழுந்தால் என்ன என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது; சட்டத்தை மீறுவதற்கும் மரபு இருந்தது. வேர்த்து விறுவிறுத்து ஆடி முடித்தபின் கீழிருந்து மேடலினின் தேநீரும் தின்பண்டமும் வரும். பிறகு அரட்டை. அரட்டையில் யாராவது ஒரு நல்ல வாக்கியத்தை உதிர்த்தால் இன்னொருவர் அதைக் குறித்துக்கொள்வார்.

குறித்துக்கொண்டது வீண்போகவில்லை. 1952இல் வில்லிஸ் 'ஹைஃபன்' என்ற இரண்டாவது இதழைத் தொடங்கினார். சாய்கோட்டிலிருந்து சிறுகோட்டுக்கு மாறியாயிற்று. இது சைக்ளோஸ்டைல் பத்திரிகை, 1965 வரை 36 இதழ்கள். இணையாசிரியர் சக் ஹாரிஸ், இங்கிலாந்தில் இருந்தவர், காது கேளாதவர். அவருக்கு எழுத்துதான் அரட்டை. ஹைஃபனின் பின்னட்டை முழுவதும் மச்சில் உதிர்ந்த வாக்கியங்களும் கடிதங்களில் வந்த வரிகளும்தான் இருக்கும். யார், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார்கள் என்ற விளக்கம் கிடையாது. படிக்கிறவர் அந்தரத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவருக்கும் ஏதோ தானும் அந்த மச்சில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பிரமை. ஹைஃபனில் பாப் ஷா எழுதிய பத்திக்கு வாசகர்கள் காத்திருந்தார்கள்.

இதழில் அறிவியல் புனைகதை எங்கே என்று கேட்டால், அநேகமாக இல்லை. அறிவியல் புனைகதை இவர்களைச் சேர்த்துவைத்த தரகர். கல்யாணம் ஆனபிறகு தரகரை யார் தினமும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்?

இப்போது அமெரிக்காவுக்குப் போக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரிலிருந்து லீ ஹாஃப்மன் என்பவர் 'குவாண்ட்ரி' என்ற ஃபேன்சீனை நடத்திவந்தார். அதில் வில்லிஸ் தொடர்ந்து பத்தி எழுதினார். அந்தப் பத்திதான் அவரை அமெரிக்க ரசிகர்களிடம் செல்லப்பிள்ளை ஆக்கியது. லீ என்பது ஆண் பெயர் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1951இல் நியூ ஆர்லியன்ஸில் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வந்து நின்றவர் பத்தொன்பது வயதுப் பெண். மாநாட்டின் பெரிய செய்தியே அதுதான் என்று சொல்லலாம். (லீ பிற்பாடு கௌபாய் நாவல்கள் எழுதி விருது வாங்கினார். ரசிகர்களின் வரலாறு எங்கெங்கோ போய் முளைக்கும்.)

ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஷெல்பி விக் என்ற ரசிகருக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு சிரிக்க வைக்கிற இந்த ஐரிஷ்காரரை நேரில் பார்க்க வேண்டாமா? 1952 சிகாகோ மாநாட்டுக்கு அவரைக் கூட்டிவர நிதி திரட்டத் தொடங்கினார். பணக்காரர் யாரும் தரவில்லை. ஒரு டாலர், அரை டாலர் என்று ரசிகர்கள் அனுப்பினார்கள். ஓர் எழுத்தாளரை அழைக்கச் சேர்ந்த பணமில்லை இது. ஒரு புத்தகமும் வெளியிடாத, கடிதமும் பத்தியும் எழுதுகிற ஒரு மனிதரைப் பார்ப்பதற்காகச் சேர்ந்த பணம். வில்லிஸ் கப்பலேறினார். சிகாகோ மாநாடு முடிந்ததும் கிரேஹவுண்ட் பஸ்களில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, ரசிகர்கள் வீடுகளில் தங்கி, சவானாவரை போய்த் திரும்பினார். அந்தப் பயணத்தை அவர் எழுதிய 'தி ஹார்ப் ஸ்டேட்சைட்' ரசிகர் உலகில் இன்றும் பேசப்படும் பயண நூல். தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று 1953இல் அவர் முன்னெடுத்ததுதான் அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி. இரு கரை ரசிகர்களும் பணம் போட்டு, வாக்களித்து, ஒரு ரசிகரைத் தேர்ந்து எதிர்க்கரைக்கு அனுப்புவார்கள். எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த நிதி நடக்கிறது.

1954 பிப்ரவரியில் வில்லிஸும் பாப் ஷாவும் சேர்ந்து ஒரு குறுநூல் எழுதினார்கள்: 'தி என்சாண்டட் டூப்ளிகேட்டர்', அதாவது மாயப் படியெடுப்பு இயந்திரம். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பயணம்' நூலைப் பகடி செய்து எழுதியது. அதே நூலைத் தழுவித்தான் ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ணபிள்ளை தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பாளையங்கோட்டையில் காப்பியமாக விளைந்த விதை பெல்ஃபாஸ்ட்டில் கேலியாக விளைந்தது. ஜோஃபன் என்ற இளைஞன் சாதாரண நாட்டை விட்டுப் புறப்படுகிறான். காடு, மலை, ஏமாற்றுக்காரர்கள், புகழாசை, மனச்சோர்வு எல்லாவற்றையும் கடந்து, குற்றமற்ற பத்திரிகையை அச்சடித்துத் தருகிற மாய இயந்திரத்தைத் தேடிப் போகிறான். கடைசியில் கிடைப்பது துருவேறிய ஓர் ஓட்டை இயந்திரம். அவன் மனம் உடையாமல் கைப்பிடியைப் பிடித்ததும்தான் அது ஒளி பெறுகிறது. நம் சிறுபத்திரிகைக்காரர்கள் யாராவது இதைத் தமிழில் கொண்டுவர வேண்டும். வழியில் ஜோஃபன் சந்திக்கிற ஆசாமிகள் அத்தனை பேரையும் நம் ஊரிலும் அடையாளம் காட்ட முடியும்.

கதை எழுதிப் பேர் வாங்கியதும் இந்த வட்டத்தில் நடக்காமல் இல்லை. ஒயிட்டின் முதல் கதை 1953 ஜனவரியில் 'நியூ வேர்ல்ட்ஸ்' இதழில் வந்தது. 1957இல் 'செக்டர் ஜெனரல்' வரிசை ஆரம்பம். விண்வெளியில் 384 தளங்கள் கொண்ட ஓர் ஆஸ்பத்திரி; நோயாளிகளும் டாக்டர்களும் வேறு வேறு கிரகத்துப் பிராணிகள். ஒருவருக்கு மூச்சான வாயு இன்னொருவருக்கு விஷம். இருந்தும் ஒரே கூரையின் கீழ் வைத்தியம் நடக்க வேண்டும். அக்காலத்து விண்வெளிக் கதைகள் சண்டையில் வாழ்ந்தபோது, இந்தக் கதைகளின் நாயகன் கையில் இருந்தது அறுவைக் கத்தி. டாக்டராக முடியாமல் போன கத்தோலிக்கத் தையற்காரர், பிராட்டஸ்டண்ட் நண்பர்களோடு மச்சில் பந்தடித்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதிய கதை என்பதை மறந்துவிட்டு என்னால் அதைப் படிக்க முடிவதில்லை.

பாப் ஷா 1966இல் 'லைட் ஆஃப் அதர் டேஸ்' எழுதினார். ஒளி ஊடுருவ வருஷக்கணக்காகும் ஒரு கண்ணாடி. ஏரிக்கரையில் பத்து வருஷம் வைத்திருந்த கண்ணாடியை நகரத்து வீட்டின் சன்னலில் பொருத்தினால் பத்து வருஷத்துக்கு ஏரி தெரியும். அப்படியானால் இறந்துபோன மனைவியும் குழந்தையும் சன்னலுக்குப் பின்னால் தெரிவார்கள் அல்லவா? ஏழெட்டுப் பக்கக் கதை. அறிவியல் புனைகதையில் அழவைத்த கதைகள் என்று விரல்விட்டு எண்ணினால் இதற்கு ஒரு விரல் உண்டு. ஷா முழுநேர எழுத்தாளராகிப் பல நாவல்கள் எழுதினார். ஆனால் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது அவருக்கு 1979, 1980 இரு ஆண்டுகளிலும் கிடைத்தது நாவலுக்கு அல்ல, சிறந்த ரசிக எழுத்தாளர் என்ற பிரிவில். மச்சில் பயின்ற அதே விகடத்துக்கு.

ரசிகர் பத்திரிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரு கணக்குப் போடுவார்கள். இங்கிருந்து எத்தனை பேர் 'நிஜ' எழுத்தாளர் ஆனார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் ஒயிட்டும் ஷாவும் வரவு, வில்லிஸ் பூஜ்யம். எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. மூவரில் நடை வல்லவர் வில்லிஸ்தான் என்று நினைக்கிறேன். புனைபெயரில் அயர்லாந்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாரே தவிர, விண்வெளி நாவல் எழுதிச் சம்பாதிக்க முனையவில்லை. முப்பது பேரோ முந்நூறு பேரோ, தனக்குத் தெரிந்தவர்கள் படிப்பதற்காக எழுதினார். 1980இல் ஓர் அமெரிக்க ரசிகர் அவர் எழுத்துகளைத் திரட்டித் தன் ஃபேன்சீனின் ஒரே இதழாக வெளியிட்டபோது அது 600 பக்கங்களைத் தாண்டியது. அதையும் சைக்ளோஸ்டைலில்தான் அடித்தார்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த வட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் இவர்களே எழுதிவைத்தது. அதில் எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். தேநீர் வந்துகொண்டே இருக்கிறது. அதைப் போட்டுக் கொண்டுவந்த மேடலின் வில்லிஸ், ஷாவின் மனைவி சேடி, ஒயிட்டின் மனைவி பெகி ஆகியோர் என்ன நினைத்தார்கள் என்பதற்குப் பக்கங்கள் குறைவு. சிரிப்பின் ஓரத்தில் இருந்த அலுப்பும் மனத்தாங்கலும் அச்சுக்கு வரவில்லை. எந்த நண்பர் குழாம்தான் அதையெல்லாம் அச்சிட்டது?

1969இல் பெல்ஃபாஸ்ட் பற்றி எரிந்தது. அதற்குள் ஹைஃபன் நின்று நாலு வருஷம். மச்சுக் கூட்டமும் தேய்ந்துவிட்டது. குண்டுகள் வெடித்த ஊரில் பிள்ளைகளை வளர்க்க விரும்பாமல் பாப் ஷா 1973இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனார். ஒயிட் போகவில்லை. நகரின் மேற்கில், கலவரத்துக்குப் பேர்போன பகுதியில் இருந்துகொண்டே, யாரையும் கொல்லாத ஆஸ்பத்திரிக் கதைகளை எழுதிவந்தார். 1980களில்தான் வடக்குக் கடற்கரையில் உள்ள போர்ட்ஸ்டூவர்ட் ஊருக்கு மாறினார். நட்பு மூவருக்கும் கடைசிவரை இருந்தது.

பாப் ஷா 1996 பிப்ரவரியில் இறந்தார். ஜேம்ஸ் ஒயிட் 1999 ஆகஸ்டில். வால்ட் வில்லிஸ் அதே ஆண்டு அக்டோபரில், தம் எண்பதாவது பிறந்தநாளையொட்டி.

2004இல் பாஸ்டன் நகரில் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாடு, ஐம்பது வருஷத்துக்கு முன் வழங்காமல் விட்ட 1954ஆம் ஆண்டு ஹியூகோ விருதுகளை வழங்கியது. நாவல் விருது ரே பிராட்பரிக்கு. சிறுகதை விருது, அப்போது கொழும்பில் இருந்த ஆர்தர் கிளார்க்குக்கு. ஃபேன்சீன் விருது 'ஸ்லாண்ட்'டுக்கு: ஆசிரியர் வால்ட் வில்லிஸ், படங்கள் ஜேம்ஸ் ஒயிட்.

(தொடரும்)